இரண்டாம் மேசைக் குறை

மாடிக் கொடியில் மூன்று வெள்ளைத் துண்டுகள் காய்வதை மூத்தவள் முதலில் பார்த்தது செவ்வாய்க்கிழமை காலையில். பார்த்தாள், அவ்வளவுதான். மோட்டாரை நிறுத்திவிட்டு இறங்கி வந்துவிட்டாள். அன்றைக்கு அவை வெறும் துண்டுகள். வியாழக்கிழமை அதே துண்டுகள் அவளுக்கு வேறு மாதிரி தெரிந்ததென்றால், அதற்குக் காரணம் நடுவில் வந்த புதன்கிழமை.

மூத்தவளும் இளையவளும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் கீழ் வீட்டில், தம்பியைக் கட்டியவள் மாடி வீட்டில். இரண்டு வீட்டுக்கும் ஒரே வாசற்கதவு, ஒரே மோட்டார், ஒரே துணிக்கொடி. வேலையும் ஒரே இடத்தில்தான். ஹோட்டல்களின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் வெளுத்து, மடித்து, திருப்பி அனுப்பும் பெரிய சலவை நிலையம். மூத்தவள் அங்கே பல வருஷம் மடிப்பு மேசையில் நின்றவள். கால் நரம்பு சுருட்டிக்கொண்ட பிறகு ஆபீஸ் அறைக்கு மாறி, கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, கணக்கு ஷீட்டைக் கவனித்துக்கொள்கிறாள். இளையவளை அங்கே சேர்த்துவிட்டது அவள்தான். "என் ஓரகத்தி, கை சுத்தம்" என்று மேனேஜரிடம் சொல்லித்தான் சேர்த்தாள்.

மடிப்பு மேசை மொத்தம் ஆறு. மேசைக்கு ஒருத்தி பொறுப்பு. ஹோட்டல்களிலிருந்து துணி எண் போட்ட பைகளில் வரும். எந்த எண் பை எந்த மேசைக்கு என்று முன்பே பிரித்து வைத்திருந்தார்கள். நூறிலிருந்து ஆரம்பிக்கும் பைகள் முதல் மேசைக்கு, இருநூறிலிருந்து இரண்டாவதுக்கு, இப்படியே மேலே போகும். மடித்து முடித்ததும் எண்ணிப் பார்த்து, ஹோட்டல் கொடுத்த சீட்டைவிடக் குறைந்தால், பை எண்ணையும் குறையையும் எழுதி ஆபீசுக்கு அனுப்புவார்கள். அதையெல்லாம் ஷீட்டில் ஏற்றுவது மூத்தவள்.

அந்த ஷீட்டில் அவள் செய்துவைத்த ஒரு காரியம் நிலையம் முழுக்கப் பிரசித்தம். மேலே ஒரு கட்டத்தில் பை எண்ணைத் தட்டினால் போதும். அது யாருடைய மேசை என்று ஒரு ஃபார்முலா பட்டியலில் தேடி எடுக்கும். அந்த மேசைக்கு எதிரே இருக்கும் குறைகளை மட்டும் இன்னொன்று பொறுக்கிக் கூட்டும். லுக்கப்பையும் சம்இஃப்பையும் ஒன்றுக்குள் ஒன்றாக நுழைத்து, அடைப்புக்குறிகளோடு மல்லுக்கட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அவளாகவே செய்தது. சரியாக வந்த அன்று யாரிடம் சொல்வதென்று தெரியாமல் புருஷனிடம் சொன்னாள். அவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்போ இனிமே வீட்டுக் கணக்கும் நீயே பாரு" என்றான். மாடியிலிருந்து தோசைக்கல் கேட்க இறங்கி வந்த இளையவள்தான் நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, "ரெண்டு பேர் செய்யற வேலைய ஒரே வரியில செய்ய வெச்சுட்டீங்களேக்கா" என்றாள். மூத்தவளுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

புதன்கிழமை மேனேஜர் அறைக்குள் வந்தபோது முகம் கடுகடுவென்றிருந்தது. புதிதாகச் சேர்ந்த ஹோட்டல் ஒன்று, துண்டுகள் தொடர்ந்து குறைகின்றன, யாரோ எடுக்கிறார்கள் என்று முதலாளிக்கே எழுதிவிட்டதாம். அவர் மூத்தவளின் தோளுக்கு மேலாகக் குனிந்து, புகாரில் இருந்த பை எண்ணைத் தானே தட்டினார். இருநூற்று எழுபத்து மூன்று. கட்டம் ஒரு நொடி யோசித்தது போலிருந்தது. பிறகு சொன்னது: மேசை இரண்டு. பக்கத்தில் ஒரு கூட்டுத்தொகை. மற்ற மேசைகளெல்லாம் ஒற்றை இலக்கத்திலேயே இருக்க, இரண்டாம் மேசைக்கு நாற்பத்தொன்று.

இரண்டாம் மேசை இளையவளுடையது.

மேனேஜர் நிமிர்ந்தார். "சொந்தக்காரங்கன்னு பாக்க மாட்டீங்கன்னு நினைக்கிறேன்."

"பாக்கல சார்."

"வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளி வர்றார். மேசை, பேரு, மொத்தம் எல்லாம் போட்டு பிரிண்ட் எடுத்து வைங்க. அந்தப் பேருக்குச் சனிக்கிழமையிலேர்ந்து வேலை இல்ல. நான் சொன்னேன்னு இருக்க வேணாம், உங்க ஷீட் சொன்னதாவே இருக்கட்டும்."

அவர் போன பிறகு மூத்தவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குள் முதலில் எழுந்தது அதிர்ச்சி இல்லை. இதைப் பிறகு யோசித்தபோது அவளுக்கே கூசியது. முதலில் எழுந்தது, 'அதானே' என்ற ஒரு சொல். வெகுநாளாக எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்து தன் முறைக்காகக் காத்திருந்த சொல் அது.

அதற்கென்று பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சின்னச் சின்னதாகத்தான் சேர்ந்திருந்தன. இளையவள் கொஞ்ச நாளாக மாடிப்படியில் உட்கார்ந்து போனில் பேசுகிறாள். மூத்தவளின் செருப்புச் சத்தம் கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. முன்பெல்லாம் திறந்தே கிடந்த மாடிக் கதவு இப்போது பகலிலும் சாத்தியிருக்கிறது. கொழுந்தனும் முன்போல் கீழே வந்து அண்ணனோடு உட்கார்ந்து அரட்டை அடிப்பதில்லை. எட்டிப் பார்த்து, தலையாட்டி, போய்விடுகிறான். தனியாக ஒவ்வொன்றும் ஒன்றுமில்லாதவை. புதன்கிழமை மத்தியானம் அவை வரிசையில் வந்து நின்றன. மூத்தவள் அவற்றையும் கூட்டினாள். அதற்கு ஃபார்முலா தேவைப்படவில்லை.

வியாழக்கிழமை காலை மாடிக்குப் போனபோது துண்டுகள் கொடியிலேயே இருந்தன. வெள்ளை, கனமான வெள்ளை. வீட்டில் யார் வெள்ளைத் துண்டு வாங்குவார்கள்? ஒரே துவட்டலில் அழுக்காகும் சாமான். தொட்டுப் பார்க்கக் கை நீண்டது. பின்னால் மாடிக் கதவு திறக்கும் சத்தம் கேட்க, கையை மடக்கித் தன் கொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"துணி எடுக்கணுமாக்கா?" என்றாள் இளையவள்.

"இல்லம்மா. காத்தாட வந்தேன்."

அன்று பதினோரு மணிக்கெல்லாம் தலைவலி என்று சொல்லிவிட்டு மூத்தவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வழி நெடுக அது நிஜமான தலைவலிதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டு வந்தாள். சமையலறை ஆணியில் மாடி வீட்டின் இன்னொரு சாவி தொங்கியது. கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் இளையவளே கொண்டுவந்து மாட்டியது. "நான் மறதிக்காரி, அடுப்ப அணைச்சேனான்னு பாதி வழியில சந்தேகம் வரும், உங்ககிட்ட ஒண்ணு இருக்கட்டும்" என்றாள் அப்போது. எத்தனையோ தடவை அந்தச் சாவியால் திறந்து, மூடாத குழாயை மூடியிருக்கிறாள், மழைக்கு ஜன்னலைச் சாத்தியிருக்கிறாள். ஒருபோதும் சாவி இப்படிக் கையில் கனத்ததில்லை.

குழாய் சொட்டுகிறதா என்று முதலில் பார்த்தாள். சொட்டவில்லை. பார்த்தாயிற்று, இறங்கலாம். இறங்கவில்லை.

கட்டிலுக்கு அடியில் பிளாஸ்டிக் வாளி ஒன்று, ஒட்டிய விலைச்சீட்டோடு. அதற்குள் தண்ணீர் படாத புதுக் கரண்டிகள். அலமாரியைத் திறந்தாள். மேல்தட்டில் வெள்ளைத் துண்டுகள் ஓர் அடுக்கு, சுவரோரமாக, முன்னால் ஒரு புடவை மறைக்க.

நெஞ்சு திக்கென்றது. அந்தத் திக்கில் ஒரு சின்னத் திருப்தியும் கலந்திருந்தது. சந்தேகம் வீண்போகவில்லை என்ற திருப்தி.

நிலையத்தில் ஒவ்வொரு ஹோட்டல் துண்டின் மூலையிலும் ஒரு நிற நூலால் தையல் போட்டிருக்கும், எதுவும் இடம் மாறாமலிருக்க. மூத்தவள் ஒரு துண்டை உதறி விரித்து மூலையைப் பார்த்தாள். நூல் இல்லை. அடுத்ததிலும் இல்லை. எல்லாவற்றையும் பிரித்தாள். ஒன்றிலும் இல்லை. சரி, பிரித்து எடுத்திருப்பாள். ஜன்னலருகே போய் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஊசி போன தடம் இருக்கிறதா என்று தேடினாள். இருந்தது என்றும் சொல்லலாம், நெசவு இடைவெளி என்றும் சொல்லலாம். அவள் இருந்தது என்று சொன்னாள். பிறகு எல்லாவற்றையும் மடித்து, அடுக்கி, புடவையை முன்னால் இழுத்துவிட்டு, பூட்டிக்கொண்டு இறங்கினாள். துண்டு வாங்கிய கடைச் சீட்டு எங்காவது இருக்குமா என்று தேட அவளுக்குத் தோன்றவே இல்லை.

சாயங்காலம் இளையவள் வேலை முடிந்து வந்ததும் நேராக மாடிக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

"தலைவலி எப்படி இருக்குக்கா?"

மூத்தவளின் கைக் கத்தி வெங்காயத்தில் நின்றது. "உனக்கு யாரு சொன்னா?"

"ரேடியோதான். அவ சொல்லாதது ஏதாவது இருக்கா?"

ரேடியோ என்பது ஐந்தாம் மேசைக்காரி. வாய் ஓயாது. மூத்தவள் சிரிக்க முயன்றாள். இளையவள் சிரிக்கவில்லை. மூத்தவளின் விரல்களைப் பார்த்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். பிறகு, "மாத்திரை போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என் கையை எதற்கு அப்படிப் பார்த்தாள் என்று மூத்தவள் வெகுநேரம் யோசித்தாள். திருட்டு முழி என்பது இப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஷீட்டைத் திறந்து, இரண்டாம் மேசைக்கு எதிரே இளையவளின் பெயரைத் தட்டினாள். பிரிண்ட் எடுப்பதுதான் பாக்கி. அதற்குள் மேனேஜர் எல்லோரையும் மேசைகளுக்கு நடுவே கூட்டினார். திட்டுவதற்கு முன்னால் ஒருவரைப் பாராட்டிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. மாதம் முழுக்கக் குறையே இல்லாத ஐந்தாம் மேசைக்குப் பரிசு என்று ஒரு ஃப்ளாஸ்க்கை ரேடியோவின் கையில் கொடுத்தார். கை தட்டினார்கள். இளையவளும் தட்டினாள்.

கூட்டம் கலைந்ததும் ரேடியோ மூத்தவளை ஓரமாக இழுத்தாள். ஃப்ளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க கம்ப்யூட்டருக்கு என் மேல ஏதாவது ஆசையாக்கா?"

"ஏன்டி?"

"எனக்கு எப்படி பூஜ்யம் வரும்? போன வாரம்கூட தலையணை உறை ரெண்டு குறையுதுன்னு நானே எழுதிக் கொடுத்தேனே. அதுக்கு முந்தியும் கொடுத்திருக்கேன்." குரலைத் தாழ்த்தினாள். "சரி பண்ணுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா ஃப்ளாஸ்க்க மட்டும் திருப்பிக் கேட்டுடாதீங்க. சூடு நல்லா நிக்குமாம்."

மூத்தவள் சிரித்தபடியே ஆபீஸ் அறைக்கு நடந்தாள். நாற்காலியில் உட்காரும்போது சிரிப்பு நின்றிருந்தது.

பூஜ்யம். நாற்பத்தொன்றைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனவள், அதே பத்தியில் மூன்று வரி கீழே இருந்த பூஜ்யத்தை ஒரு தடவைகூட நின்று பார்க்கவில்லை. ரேடியோவின் சீட்டைத் தேடி எடுத்தாள். பை ஐந்நூற்றுப் பன்னிரண்டு, குறை இரண்டு. ஷீட்டில் அந்த வரி பத்திரமாக இருந்தது. ஆனால் பக்கத்தில் ஃபார்முலா எழுதியிருந்த மேசை ஐந்து இல்லை, ஆறு.

ஆறாம் மேசை புதியது. போன மாதம் அந்தப் புது ஹோட்டல் சேர்ந்தபோது போட்டது. ஒரு தாய் பொறுப்பு, மகளும் கூட நிற்கிறாள். அந்த ஹோட்டலுக்கு எந்தப் பை கொடுப்பது என்று கேள்வி வந்தபோது, இரண்டாம் மேசை வரிசையில் இருநூற்று ஐம்பதுக்கு மேல் பைகள் சும்மா கிடக்கின்றனவே, அவற்றையே கொடுத்துவிடலாம் என்றார் மேனேஜர். மூத்தவள்தான் அதைப் பட்டியலில் ஏற்றினாள்: இருநூற்று ஐம்பதிலிருந்து, மேசை ஆறு. எங்கே ஏற்றினாள்? கடைசியில். புதிதாக வருகிறவர் வரிசையின் கடைசியில்தானே நிற்க வேண்டும் என்பதைப் போல, ஐந்நூறுக்குக் கீழே ஒரு வரி. புதன்கிழமை கட்டம் 'இரண்டு' என்றதும், அந்த ஹோட்டல் பை ஆறாம் மேசைக்கல்லவா போகிறது என்று மேனேஜருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

அவளுக்குக் காது மடல் சுட்டது. ஒவ்வொரு பைக்கும் ஒரு வரி எழுதச் சோம்பல்பட்டு, 'இந்த எண்ணிலிருந்து இந்த மேசை' என்று ஆரம்ப எண்ணை மட்டும் எழுதியிருந்தாள். லுக்கப்பிடமும் அப்படியே எண் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, அதைவிடச் சிறியதில் கிட்ட இருப்பதை எடுத்துக்கொள் என்று சொல்லியிருந்தாள். அப்படிச் சொன்னால் பட்டியல் சிறியதிலிருந்து பெரியதாக ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் எங்கும் இறங்கக் கூடாது. அது பாதியில் திறந்து பார்த்து, பெரிதாக இருந்தால் மேலே போகும், சிறிதாக இருந்தால் கீழே போகும். அடியில் ஒருத்தி இடம் மாறி நிற்பாள் என்று அதற்கு எப்படித் தெரியும்? இருநூற்று எழுபத்து மூன்றைத் தேடிப் போனது இருநூறோடு நின்றுவிட்டது. ஐந்நூற்றுப் பன்னிரண்டைத் தேடிப் போனது கடைசி வரிவரை போய், ஆறு என்று சொல்லிவிட்டது. புது ஹோட்டலின் குறையெல்லாம் இளையவள் தலையில். ரேடியோவின் குறையெல்லாம் அந்தத் தாய், மகள் தலையில். சம்இஃப் தன் பங்குக்குக் கிடைத்ததை ஒழுங்காகக் கூட்டியது.

அந்த ஒரு வரியை வெட்டி எடுத்து, இருநூறுக்கும் முந்நூறுக்கும் நடுவே வைத்தாள். எண்கள் கண்ணெதிரே இடம் மாறின. இரண்டாம் மேசை: ஆறு. ஊரில் எல்லா மேசைக்கும் வருகிற ஆறு.

மூத்தவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தவறு நேர்ந்தது அவளைச் சுடவில்லை; யாருக்கும் நேரும். புதன்கிழமை கட்டத்தில் மேசை ஆறு என்று வந்திருந்தால் அவள் என்ன செய்திருப்பாள்? அது அவளுக்கே தெரியும். 'பாவம், புதுசு, அவங்களுக்குப் போய் இவ்வளவு வருமா' என்று ஃபார்முலாவைத்தான் முதலில் நோண்டியிருப்பாள். இளையவள் என்று வந்ததும் ஃபார்முலாவை விட்டுவிட்டு அலமாரியை நோண்டப் போனாள்.

மேனேஜரிடம் சொன்னபோது அவர் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ ஆறாவது மேசையா? அந்தப் பேரைப் போடுங்க."

"வேணாம் சார். அந்த ஹோட்டல் பை வரும்போது நாம எண்ணுறதே இல்ல. அவங்க சீட்டுல எழுதினதை அப்படியே நம்பறோம். வாசல்லயே எண்ணி வாங்குவோம். அப்புறமும் குறைஞ்சா பேர் எழுதலாம்."

"நேத்து வரைக்கும் இப்படிப் பேசலையே நீங்க" என்றார் அவர். குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் நன்றாகக் குத்தியது.

சாயங்காலம் மாடிக்குப் போனாள். இளையவள் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் சொல்ல வேண்டியதை வழியிலேயே ஒத்திகை பார்த்திருந்தாள்: கணக்கில் ஒரு பிசகு, உன் மேசை மேல் பெரிய குறை காட்டியது, நானே கண்டுபிடித்துத் திருத்திவிட்டேன், முதலாளியிடமும் பேசியாயிற்று. அதில் 'நானே' கொஞ்சம் அழுத்தமாக வந்தது. கேட்டுக்கொண்டே இளையவள் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி டப்பாவில் போட்டாள்.

"என் மேல சந்தேகம்னு தெரியும்க்கா" என்றாள்.

"யாரு சொன்னா? ரேடியோவா?"

"இல்ல." வெள்ளைத் துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினாள். "நான் நாலா மடிப்பேன். நீங்க மூணா மடிச்சு, ஓரத்த உள்ள தள்ளி, கட்டை விரலால ஒரு அழுத்து அழுத்துவீங்க. நம்ம நிலையத்துல அப்படி மடிக்கிறது நீங்க ஒருத்தர்தான். எனக்கு வேலை கத்துக் கொடுத்தப்ப, இது என் மடிப்பு, யாருக்கும் வராதுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. நேத்து அலமாரியத் திறந்தா, அத்தனை துண்டும் உங்க மடிப்பு."

மூத்தவள் தன் கையைப் பார்த்தாள். பல வருஷப் பழக்கம். மனசு திருட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது கை பாட்டுக்கு ஒழுங்காக மடித்து வைத்திருக்கிறது.

"தனியா வீடு பாத்திருக்கோம்" என்றாள் இளையவள். "அவருக்கு வேலை அந்தப் பக்கம் மாறிடுச்சு. கீழ மாமாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ரெண்டு பேரும் முழிச்சிட்டிருந்தோம். புது வீட்டுக்குன்னு வாங்கினதுதான் துண்டும் வாளியும். தினம் வெள்ளையா மடிச்சு மடிச்சு, நம்ம வீட்லயும் ஒரு அடுக்கு இருக்கணும்னு ஒரு ஆசை." கடைசி கிளிப்பைக் கழற்றினாள். "கேட்டிருந்தா நானே எடுத்துக் காட்டியிருப்பேன்."

திட்டியிருந்தால் மூத்தவள் பதிலுக்குக் கத்தியிருப்பாள். கத்தலில் பாதி கரைந்திருக்கும். இளையவள் கிளிப் டப்பாவை மூடினாள்.

"நான் ஒண்ணும் நினைச்சு…" என்று ஆரம்பித்தாள் மூத்தவள். நினைத்துத்தான் போனாள். வாக்கியம் அங்கேயே நின்றது. "தப்பு பண்ணிட்டேன்மா" என்றாள் பிறகு. அவளுக்கே அது சின்னதாகக் கேட்டது.

இளையவள் தலையை அசைத்தாள். ஏற்றுக்கொண்ட அசைப்பா, போதும் என்ற அசைப்பா என்று தெரியவில்லை. முன்பென்றால் மூத்தவள் கேட்டிருப்பாள், அல்லது தானே ஒன்றை முடிவு செய்துகொண்டிருப்பாள். இன்று இரண்டும் முடியவில்லை.

கீழே வந்து சமையலறையில் சும்மா நின்றாள். ஆணியில் சாவி தொங்கியது. அதை எடுத்து முந்தானையில் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. மறுபடி படியேறினாள். சாத்தியிருந்த கதவை, உரிமையோடு தள்ளாமல், விரலால் தட்டினாள்.

"இதை நீயே வெச்சுக்கோம்மா."

நீட்டும்போது, 'அட, இருக்கட்டும்க்கா, உங்ககிட்டயே இருக்கட்டும்' என்று அவள் சொல்லிவிடுவாள் என்றுதான் மூத்தவள் உள்ளூர எதிர்பார்த்தாள். அந்த எதிர்பார்ப்பை நம்பித்தான் இவ்வளவு படியும் ஏறியிருந்தாள்.

இளையவள் சாவியை வாங்கிக்கொண்டாள். "சரிக்கா" என்றாள். கதவை உடனே சாத்தவில்லை. மூத்தவள் திரும்பி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி முடிக்கும்வரை, கால் நரம்புக்காரி ஆயிற்றே என்று, மாடி விளக்கைப் போட்டுவைத்திருந்தாள்.